ஆறாம் அத்தியாயம்: மிஷினுக்குக் கடன் கிடைக்கும், ரொட்டேஷனுக்கு?

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். அந்த மல்லாட்டையை நம்பி எங்கள் ஊரில் ஒரு மரச்செக்கு வைத்தேன். இரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம் செக்கு நின்றது. மோட்டார் நன்றாக இருந்தது, கரண்ட் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். மானாவாரி மல்லாட்டை பிடுங்கிய நேரம் என்பதால் மார்க்கெட் கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், மூட்டை மூட்டையாகக் காய் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வருஷத்திலேயே விலை குறைவான பதினைந்து நாள் அது. வாங்க என் கையில் பணம் இல்லை. பணம் முப்பத்தோரு கடைகளில் பாக்கியாகக் கிடந்தது.

இந்த அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. தொழில் தொடங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மிஷினுக்கு என்ன கடன், எவ்வளவு மானியம் என்றுதான். அது கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் அதற்கு வழிகள் இருக்கின்றன, பின்னால் வரிசையாகச் சொல்கிறேன். கிராமத்தில் மூடிக் கிடக்கும் யூனிட்களைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மிஷின் அப்படியே இருக்கும், பாலித்தீன் போர்த்தி வைத்திருப்பார்கள். தீர்ந்துபோனது அன்றாடம் சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் வேண்டிய பணம். வங்கியில் அதை நடைமுறை மூலதனம் என்பார்கள், நாம் ரொட்டேஷன் என்போம். நகரத்துத் தொழிலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் அங்கே நாலு வங்கி, நாலு மொத்த வியாபாரி, கூப்பிட்ட நேரத்துக்கு லாரி என்று மாற்று வழிகள் இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேரில் பாதிக்குச் சற்று அதிகமானோர் கிராமத்தில் இருந்தார்கள். அந்த ஊர்கள் பலவற்றில் ஒரு வங்கிக் கிளைக்கே பஸ் ஏறிப் போக வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

கீழே இருக்கும் விலைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறையை மட்டும் மாற்ற வேண்டாம்.

நாளொன்றுக்கு 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டுவதாக வைத்துக்கொள்வோம். கிலோ 125 ரூபாய் என்றால் பருப்புக்கு 12,500. ஆள் கூலி 800. கரண்ட் 150. நல்ல காய்ந்த பருப்பில் சுமார் 40 கிலோ எண்ணெய் இறங்கும். கடலெண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும் என்பதால் 40 கிலோ என்பது 44 லிட்டர். இதை முதலில் தெரிந்துகொள்ளாமல் கிலோவையும் லிட்டரையும் ஒன்றாக வைத்து விலை போட்டு நஷ்டப்பட்டவர்கள் உண்டு. பாட்டில் 44-க்கு 528, லேபிளும் மூடியும் 132, வண்டி வாடகை 300. ஆக மொத்தம் 14,410. புண்ணாக்கு 56 கிலோ, கிலோ 40 என்று விற்றால் 2,240 திரும்பும். நிகரச் செலவு 12,170, லிட்டருக்கு 277 ரூபாய். வாடகை, கடன் வட்டி, சிந்தல், திரும்பி வரும் பாட்டில் எல்லாவற்றுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய் வையுங்கள். அடக்கம் 297. கடைக்கு வரி நீங்கலாக 320-க்குக் கொடுக்கிறோம். லிட்டருக்கு 23 ரூபாய், ஒரு நாளைக்கு 1,012 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 25,300. ஊரிலேயே இருந்து சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இது கௌரவமான வருமானம்.

இதே கணக்கில் கடன் நாளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் விற்பனை 44 லிட்டர், 14,080 ரூபாய். கடைக்காரர் இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுக்கிறார் என்றால் 50 வேலை நாள் சரக்கு வெளியே நிற்கிறது. 7,04,000 ரூபாய்! அதற்கு மேல் பதினைந்து நாள் பருப்பு இருப்பு வைத்தால் 1,87,500. ஆக ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் செக்கு, மோட்டார், வடிகட்டி, தெளிய வைக்கும் தொட்டி எல்லாம் சேர்ந்தே 4,80,000 ரூபாய்தான். மிஷினைப் போல இரண்டு மடங்கு பணம் ரொட்டேஷனுக்குத் தேவை என்று தொடங்கும் நாளில் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கணக்குப் போடவில்லை. கையில் ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

விற்பனையில் பாதியை ரொக்கத்துக்கு மாற்றி, மீதிப் பாதிக்குப் பதினைந்து நாள் மட்டும் கடன் கொடுத்தால் வெளியே நிற்கும் பணம் 90,000-க்குள் அடங்கிவிடும். விலை ஏற்ற வேண்டாம், புது மிஷின் வேண்டாம். வசூல் நாளைக் குறைத்ததிலேயே ஆறு லட்சம் மிச்சமாகிறது. எந்தத் திட்டத்திலும் இவ்வளவு எளிதாக ஆறு லட்சம் கிடைக்காது.

கடைப் பாக்கி

பாக்கி எப்படி ஏறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பேருந்து நிலையம் பக்கம் ஒரு மளிகைக் கடை. வியாபாரம் நன்றாக நடக்கும் கடை.

“அண்ணாச்சி, 11,400 பாக்கி நிக்குது.”

“எங்க தம்பி ஓடிப் போவப் போறேன்? இன்னிக்கு ரெண்டு பெட்டி இறக்கு. வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் சேத்து வாங்கிக்க.”

இறக்கினேன். வெள்ளிக்கிழமை பாக்கி 19,000 ஆகியிருந்தது, கையில் வந்தது 3,000. அந்த அண்ணாச்சி மோசமானவர் இல்லை. பெரிய கம்பெனிச் சரக்குக்கு அவர் ரொக்கம் கட்ட வேண்டியிருந்தது, கட்டாவிட்டால் அடுத்த வாரம் லைன் வண்டி நிற்காது. கொடுக்காவிட்டாலும் சரக்கு வருவது என்னிடமிருந்து மட்டும்தான். அதனால் என் பணத்தை எடுத்து அவர்களுக்குக் கட்டினார். வியாபாரத்தில் யார் கறாராக இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் பணம் போகும்.

பிறகு நான் கடைப்பிடித்த முறை இது. லாங் சைஸ் நோட்டில் கடைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பிலேயே அந்தக் கடைக்கு உச்ச வரம்பு எழுதிவிட வேண்டும், உதாரணமாக 24 பாட்டில். அதற்குக் கீழே தேதி, பில் எண், இறக்கியது, வந்த பணம், நிற்பது. பழைய பில் முழுதாகத் தீர்ந்தால்தான் புதுச் சரக்கு. இதைப் பில்லுக்குப் பில் என்பார்கள், கடைக்காரர்களுக்குப் பழக்கமான முறைதான், புதிதாக விளக்க வேண்டாம். இறக்கும்போது பில்லின் நகலில் கையெழுத்தோ கடை முத்திரையோ வாங்குங்கள். போட மறுக்கும் கடைக்கு ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். இன்னொன்று, பாக்கி வசூலிக்கப் போகும் நாளும் சரக்கு இறக்கும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும். வண்டியில் சரக்கோடு போய் நின்றால் அதை இறக்கச் சொல்லித்தான் பேச்சு வரும்.

கூலி ஆட்டு

ஐப்பசியில் நின்ற செக்கைக் கார்த்திகையில் மறுபடி ஓட வைத்தது கடன் அல்ல, கூலி ஆட்டு. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குத் தேவையான மல்லாட்டையையும் எள்ளையும் உடைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். கிலோவுக்கு 20 ரூபாய் கூலி. எண்ணெயும் புண்ணாக்கும் அவர்களுக்கு. 100 கிலோ ஆட்டினால் 2,000 ரூபாய் அன்றைக்கே கையில். ஆள் கூலியும் கரண்ட்டும் 950, வாடகை வட்டிக்கு 500 தள்ளினால் 550 நிற்கும். பாட்டில் எண்ணெயில் வரும் 1,012-க்கு இது பாதிதான். ஆனால் பாட்டில் எண்ணெய்க்கு ஒன்பது லட்சம் போட வேண்டும், இதற்கு ரொட்டேஷனே வேண்டாம். பருப்பு அவர்களுடையது, விலை இறங்கினாலும் ஏறினாலும் அவர்களுடைய பாடு.

அதனால் கிராமத்தில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, உங்கள் மிஷினில் கூலிக்குச் செய்யக்கூடிய வேலை எது என்று பாருங்கள். மாவு அரைவை மில்லுக்கு இது புதிதில்லை. மிளகாய், மல்லி காயவைத்துக் கொண்டுவந்து அரைத்துப் போகிறார்கள். தையல் யூனிட் என்றால் துணியை அவர்கள் கொடுத்து, கூலியை மட்டும் நீங்கள் வாங்கும் ஆர்டர். சிறுதானியம் தீட்டும் மிஷினுக்கும் பொருந்தும். முதல் ஆறு மாதம் அன்றாடச் செலவை இதில் ஓட்டிக்கொண்டு, உங்கள் பெயர் போட்ட பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடலாம்.

மானியத் திட்டங்கள், இருப்பது இருக்கிறபடி

இனி ஆதரவுகளுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்று: உங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள மாவட்டத் தொழில் மையம். ஏஜென்ட் யாரும் தேவையில்லை. “நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்” என்று ஒருவர் வந்தால் அவர் செய்யப் போவது நீங்களே இணையத்தில் செய்யக்கூடிய வேலைதான்.

கிராமத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய மானியம் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. 2008-லிருந்து நடக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். ஊராட்சிப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 35 சதவீதம். இதே யூனிட்டை நகராட்சி எல்லைக்குள் வைத்தால் பத்து சதவீதம் குறைந்துவிடும். இந்த ஓர் இடத்தில் கிராமம் நமக்கு லாபம். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். ஏற்கெனவே நடக்கும் யூனிட்டுக்கு இதில் இடமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான்.

மானியம் கைக்கு எப்படி வருகிறது என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். ஊராட்சியில் ஒரு பெண் 10 லட்ச ரூபாய்த் திட்டம் போடுகிறார் என்று வையுங்கள். தன் பங்கு 5 சதவீதம், 50,000 ரூபாய். மீதி ஒன்பதரை லட்சத்தையும் வங்கி கடனாகக் கொடுக்கிறது. மானியம் 3.5 லட்சம் வங்கிக்கு வந்து, அவர் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும். அதற்கு வட்டி கிடைக்காது, கடனில் அதே அளவுத் தொகைக்கு வட்டி போடவும் மாட்டார்கள். மூன்று ஆண்டு முடிந்து, யூனிட் ஓடுவதை நேரில் பார்த்து உறுதி செய்த பிறகு அந்தத் தொகையைக் கடனில் கழிப்பார்கள். எனவே மானியப் பணம் கைக்கு வரும், அதில் சரக்கு வாங்கலாம் என்று யாரும் திட்டம் போட வேண்டாம்.

இதே இடத்தில் இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவர், கிடைக்கும் தொகை முழுவதையும் மிஷின் கொட்டேஷனில் போட்டுவிடுவார். மிஷின் விற்பவரே அறிக்கை எழுதிக் கொடுத்தால் நிச்சயம் அப்படித்தான் இருக்கும். இந்தத் திட்டத்தில் மிஷின் செலவோடு ஒரு சுற்று நடைமுறை மூலதனத்தையும் சேர்க்கலாம். நில விலையைத்தான் சேர்க்க முடியாது. மேலே போட்ட ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொண்டு போய், எத்தனை நாள் பருப்பு, எத்தனை நாள் கடன் என்று எழுதி, அந்தத் தொகையையும் அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். பெரிய மிஷினுக்குப் பதில் சின்ன மிஷின் வாங்கி, மிச்சத்தை ரொட்டேஷனுக்கு வைத்தவர்கள் நின்றிருக்கிறார்கள்.

உணவுப் பொருள் என்றால் பி.எம்.எஃப்.எம்.இ. என்ற திட்டத்தைப் பாருங்கள். 2020-ல் வந்தது. திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்ச ரூபாய் மானியம். ஏற்கெனவே நடக்கும் யூனிட்டை விரிவாக்கவும் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். மாவட்டத்துக்கென்று நியமிக்கப்பட்ட வளநபர்கள் திட்ட அறிக்கை எழுதவும் வங்கிக்குக் கூட வரவும் உதவுவார்கள். கடன் ஒப்புதலானால் அவர்களுக்கு அரசே பணம் கொடுக்கிறது, நீங்கள் கொடுக்க வேண்டாம். உணவு பதப்படுத்தும் சுய உதவிக்குழு உறுப்பினருக்குத் தொடக்க முதலாக 40,000 ரூபாய் வரை இதில் வழி இருக்கிறது. அது ரொட்டேஷனுக்கும் சின்னக் கருவிகளுக்கும் உரியது. இந்த இரண்டு மத்தியத் திட்டங்களும் 2025-26 நிதியாண்டு வரை ஒப்புதல் பெற்றவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விதியைத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநில அரசின் திட்டங்களில் மூன்றைச் சொல்கிறேன். வேலையில்லா இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி.யில் 15 லட்சம் வரையான திட்டத்துக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ், 2012-ல் தொடங்கியது. 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை, 25 சதவீத மானியம், 75 லட்சம் வரம்பு, கூடவே வட்டியில் 3 சதவீதச் சலுகை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. தகுதி இருப்பவர்கள் இதை விட்டுவிட்டு வேறு திட்டத்துக்குப் போவது தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் நஷ்டம்.

பயிற்சி வேண்டும் என்றால் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும். முன்னோடி வங்கி நடத்துவது, பயிற்சியும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். அங்கே பயிற்சி முடித்தவர் கடனுக்கு வரும்போது வங்கியில் கொஞ்சம் காது கொடுப்பார்கள். உணவுப் பொருளின் ஆயுள் நாள், பேக்கிங், சோதனை ஆகியவற்றுக்குத் தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். 1967-ல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது அது. மிஷின் வாங்கும் முன்பே அங்கிருக்கும் மிஷினில் கட்டணம் கட்டி உங்கள் பொருளைச் செய்து பார்க்கலாம். சில ஆயிரம் செலவில் பல லட்சத் தவறு தெரிந்துவிடும்.

வங்கி வாசலில்

குறுந்தொழிலுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு உத்தரவாதம் கொடுக்கவே 2000-லிருந்து ஓர் அறக்கட்டளை இருக்கிறது. ஆனாலும் பத்திரம் இருக்கிறதா என்று கேட்கும் கிளைகள் உண்டு. கிராமத்தில் நிலம் பெரும்பாலும் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கும். இந்தக் கேள்வியால் முதலில் வெளியே நிற்பது பெண்கள்தான். சண்டை போட வேண்டாம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். வாய்வார்த்தையாக “இல்லைன்னுட்டாங்க” என்று போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ரொட்டேஷனுக்கு வங்கியில் கேட்க வேண்டியது கேஷ் கிரெடிட் என்ற வரம்புக் கணக்கு. எடுத்த தொகைக்கு எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. நாயக் கமிட்டி பரிந்துரைத்த வழியில், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை வங்கி வரம்பு கொடுக்கும், 5 சதவீதம் உங்கள் பங்கு. நம் செக்குக் கணக்கில் ஆண்டு எண்ணெய் விற்பனை சுமார் 42 லட்சம், வரம்பு 8.4 லட்சம். மேனேஜரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். ரொட்டேஷன் வேண்டும் சார் என்று மட்டும் சொல்பவரையும், விற்பனை இவ்வளவு, அதில் 20 சதவீதம் இவ்வளவு என்று காட்டுபவரையும் வங்கி ஒரே மாதிரி பார்ப்பதில்லை. விற்பனைப் பணம் வங்கிக் கணக்கு வழியாக வந்திருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர்கள் ஜிபே பண்ணினால் உங்கள் சொந்த எண்ணுக்கு வாங்காமல், யூனிட் பெயரில் உள்ள நடப்புக் கணக்குக்கு வாங்குங்கள்.

சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். கடனுக்குப் போகும் முன்பே எடுத்துப் பாருங்கள். குழுக் கடனில் பக்கத்து வீட்டு அக்காவுக்காக வாங்கிக் கொடுத்த கடனின் தவணை தவறியிருந்தால் அது உங்கள் பெயரில்தான் நிற்கும். தவணை 90 நாள் நிலுவையானால் வாராக்கடன். பத்தாம் நாளே கிளைக்குப் போய்க் காரணம் சொல்பவருக்கு வழி இருக்கும், எண்பதாம் நாள் போனை எடுக்காதவருக்கு இருக்காது.

தண்டல் பற்றி ஒரே ஒரு கணக்கு. 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுக்கிறார். தினம் 100 ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். 1,500-தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருவதால், கையில் உண்மையில் நிற்கும் பணம் பாதிகூட இல்லை. கணக்கிட்டால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம் வருகிறது. லிட்டருக்கு 23 ரூபாய் நிற்கும் தொழில் இதைத் தாங்காது. ஒரு தடவை எடுத்தேன். அதை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மனைவியின் சங்கிலி. ஐந்து பவுன் சங்கிலியை நேராக வங்கியில் அடகு வைத்திருந்தால் அந்த வருஷம் தப்பியிருக்கும். கடன் வசூல் என்ற பெயரில் வீட்டில் வந்து மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அப்படி யாராவது வந்தால் பயந்து ஒளிய வேண்டாம், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

தாள்களும் கரண்ட்டும்

குறு, சிறு தொழில்களுக்கான உதயம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசின் இணையதளத்தில் அரைமணி நேர வேலை. அதே போலத் தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும், முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சரக்கு விற்கத் தொடங்கும் முன்பே இது கையில் இருக்க வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், லேபிளில் இருக்க வேண்டும். லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, எல்லா வரியும் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல ஒரு போன் எண் வேண்டும். எண்ணெய்க்கு லிட்டரோடு கிராமும் போடுங்கள். தராசு முத்திரையையும் பேக்கிங் விதிகளையும் தமிழ்நாட்டில் பார்ப்பது தொழிலாளர் துறை. உணவுத் துறை ஆள் வந்து பார்த்துவிட்டார், எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது, இது வேறு அலுவலகம். எண்ணெயைச் சில்லறையாகத் தூக்கில் ஊற்றி விற்பதற்கும் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. பொருள் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. வரம்பு 40 லட்சம். நம் கணக்கில் ஆண்டு விற்பனை அதைத் தாண்டுவதைக் கவனித்திருப்பீர்கள், அப்போது பதிவு கட்டாயம். பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ அனுப்பினால் வரம்புக்குக் கீழே இருந்தாலும் பதிவு வேண்டும். புதுச்சேரி விழுப்புரத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் சட்டத்தில் அது வேறு மாநிலம்.

வீட்டு மின் இணைப்பில் தொழில் ஓட்டாதீர்கள். பிடிபட்டால் போடும் தொகை இரண்டு மாத லாபத்தைத் தின்றுவிடும். 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் குறுந்தொழிலுக்கு 3ஏ(1) என்ற தனிக் கட்டண வகை இருக்கிறது. மின்வாரியத்தில் வணிக இணைப்பாகக் கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புதிய குறு உற்பத்தி யூனிட்டுக்கு முதல் 36 மாத மின் கட்டணத்தில் 20 சதவீதம் மானியமாகத் திரும்பக் கிடைக்கும், தொழில் மையத்தில் கேட்டால்தான் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசியில் இருக்கும் கம்பத்தில் இணைப்பு என்றால் சாயங்காலம் வோல்டேஜ் விழும், மோட்டார் காயில் எரியும். எங்களுக்கு எரிந்தது. ஓவர்லோடு ரிலே உள்ள நல்ல ஸ்டார்ட்டர் போட்டு, விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்தோம். வெயில் ஏறும்போது எண்ணெயைத் தொட்டியில் தெளிய வைக்கவும் அது தோதாக இருந்தது.

வராத பணத்துக்கு

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உற்பத்தி செய்யும் அல்லது சேவை தரும் குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் பேசிய நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024-லிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. இந்த நாளுக்குள் நமக்குக் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை வாங்கியவர் தன் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. பெரிய சூப்பர் மார்க்கெட்டின் கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் பில்லிலேயே உதயம் எண்ணை அச்சிட்டு, “45 நாளுக்குள்” என்று ஒரு வரி போட்டால் மார்ச் மாதம் பணம் தானாக நகர்வதைப் பார்ப்பீர்கள்.

இதைக் கிராமத்து மளிகைக் கடைமீது பிரயோகிக்க நான் சொல்ல மாட்டேன். 4,000 ரூபாய்க்காக உறவு போகும், பணமும் வராது. அந்தக் கடைக்கு நோட்டுப் பக்கத்தின் வரம்புதான் மருந்து. நான் முப்பத்தோரு கடையில் ஒன்பதை நிறுத்தினேன். அந்த ஒன்பதில் நின்றது 63,000, சிறுகச் சிறுக 41,000 வந்தது. விடுதி, கேட்டரிங், சூப்பர் மார்க்கெட், கம்பெனி கேன்டீன் என்று லட்சக்கணக்கில் நிற்கும் இடத்துக்குத்தான் சட்டம்.

அதற்கான மன்றம் குறு மற்றும் சிறு நிறுவன வசதியாக்கக் குழு. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என நான்கு இடங்களில் இருக்கிறது. வக்கீல் கட்டாயம் இல்லை. விண்ணப்பம் இணையத்தில், தெரியாவிட்டால் தொழில் மையத்தில் உட்கார்ந்து போட்டுத் தருவார்கள். எடுத்துப் போக வேண்டியது: உதயம் சான்று, அதன் தேதி சரக்கு கொடுத்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும், பின்னால் எடுத்தது என்றால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். ஆர்டர் கொடுத்த கடிதம் அல்லது வாட்ஸ்அப் செய்தியின் அச்சு, கையெழுத்தான பில் நகல், பாக்கியைக் கேட்டு அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீது. குழு முதலில் சமரசம் பேசும். சில அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தீர்ப்பு. அதை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டி இழுக்கும். அதுவரை விடியற்காலை நாலு மணிக்குக் கூலி ஆட்டு நடந்துகொண்டிருக்கட்டும்.